தேய்ந்த பக்கம்

புது எவர்சில்வர் குடத்தைப் படமெடுப்பது எங்கள் தொழிலில் ஒரு பரீட்சை. குடத்தின் வயிறு குவிந்த கண்ணாடி. எதிரே இருக்கும் அறை மொத்தமும் அதற்குள் வளைந்து தெரியும்: ஜன்னல், டியூப்லைட், ட்ரைபாட், கேமரா, அதற்குப் பின்னால் குனிந்து நிற்கும் ஆள். கும்பகோணத்தில் பாத்திரக் கடைகளின் விளம்பரத்துக்கும் விலைப்பட்டியலுக்கும் படம் எடுத்துத்தான் நான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். மனிதர்களைப் படமெடுக்க எனக்கு அப்போதும் ஆசை இருந்ததில்லை. கல்யாண ஆர்டர் வந்தால் மற்றவர்களிடம் தள்ளிவிட்டுச் சாமான்களோடு உட்கார்ந்துகொள்வேன்.

குடத்தைச் சுற்றி டிரேசிங் பேப்பரால் கூடாரம் கட்டி, வெளியிலிருந்து விளக்கு போட்டு, லென்ஸ் நுழைய ஒரு ஓட்டை மட்டும் விட்டு எடுப்போம். கூடாரம் முழுக்க வெள்ளையாக இருந்தால் குடத்தின் ஓரம் பின்னணியோடு கரைந்துவிடும். அதற்காக இரண்டு பக்கமும் கறுப்பு அட்டையைப் பட்டையாக வெட்டி நிறுத்துவோம். அந்தக் கறுப்பு குடத்தின் ஓரத்தில் கோடாக விழுந்து உருவத்தைக் காட்டிக் கொடுக்கும். கண்ணாடியிலும் தண்ணீரிலும் பாலிஷ் போட்ட மரத்திலும் பளபளப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டர், வெறும் உலோகத்திடம் பலிக்காது. உலோகத்தை அடக்க அதன் எதிரே எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்வதைத் தவிர வேறு வழியில்லை. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: “பாத்திரத்தப் பாக்காத தம்பி. பாத்திரத்துல என்ன தெரியுதுன்னு பாரு.”

அந்தப் பாடத்தோடு எங்கள் வீட்டு அடுக்களையைப் பார்க்க ஆரம்பித்தபோதுதான் ஒன்று புரிந்தது. அப்பாயி காலத்துச் சாப்பாட்டுத் தட்டில் எதுவும் தெரியவில்லை. ஜன்னல் இல்லை, நான் இல்லை, டியூப்லைட் இல்லை. சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு வருஷக்கணக்காகத் தேய்த்ததில் தட்டின் முகம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். அந்தக் கீறல்கள் ஒளியைத் திருப்பி அனுப்பாமல் நாலு பக்கமும் சிதறவிடுகின்றன. தேய்க்கிற கை வட்டமாகச் சுற்றும். கீறல்களும் வட்டம் வட்டமாகவே விழுந்திருக்கும். ஜன்னல் பக்கம் தட்டைச் சாய்த்தால் நடுவிலிருந்து விளிம்புவரை விசிறி மாதிரி ஒரு வெளிச்சம் விரியும். தட்டைத் திருப்பினாலும் விசிறி திரும்பாது, இருந்த இடத்திலேயே நிற்கும். புதுத் தட்டில் இது வராது. புதுப் பாத்திரம் அறையைக் காட்டுகிறது, பழைய பாத்திரம் தன்னைக் காட்டுகிறது. என் தொழில் அங்கேதான் இரண்டாகப் பிரிந்தது. சம்பாத்தியத்துக்குப் புதுப் பாத்திரம், எனக்காகப் பழைய பாத்திரம்.

அசையாப் பொருள்களைப் படமெடுப்பது புகைப்படக் கலையின் முதல் நாட்களிலேயே தொடங்கிவிட்டது. அப்போதைய ரசாயனங்களுக்கு வெளிச்சம் நெடுநேரம் தேவைப்பட்டது. மனிதர்கள் அத்தனை நேரம் அசையாமல் உட்கார முடியாது, ஜாடியும் தட்டும் உட்காரும். இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘பென்சில் ஆஃப் நேச்சர்’ நூலில், அலமாரித் தட்டுகளில் வரிசையாக அடுக்கிய பீங்கான் சாமான்களின் படம் ஒன்று உண்டு. இவை திருடு போனால் இந்தப் படத்தையே சாட்சியாகக் காட்டலாம் என்று அவர் அதன் கீழே எழுதியிருக்கிறார். எனக்கு அந்தக் குறிப்பு மிகவும் பிடிக்கும். பாத்திரப் படத்தை ஒருவர் முதன்முதலில் சாட்சியம் என்று நினைத்திருக்கிறார். நானும் சாட்சியமாகத்தான் எடுக்கிறேன். என் வழக்கு வேறு, அவ்வளவுதான்.

என் சாட்சியம் தேய்மானம் பற்றியது. ஒரு பொருளை எடுத்தவுடன் அதன் தேய்ந்த பக்கத்தைத் தேடுவேன். டம்ளரில் உதடு படும் விளிம்பு. மூடியில் குமிழ். கதவுத் தாழ்ப்பாளில் கட்டைவிரல் அமுக்கும் இடம். ஆழாக்கின் வாய், அரிசியை வழித்து வழித்து மழுங்கிய வாய். அம்மிக் கல்லில் குழவி போய்வந்த பள்ளம். பொருளைச் செய்தவர் ஒரு வடிவம் கொடுத்தார். வைத்திருந்தவர்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இன்னொரு வடிவம் கொடுத்தார்கள். இந்த இரண்டாவது வடிவத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் யாரும் கிடையாது. அதைத்தான் நான் படத்தில் கொண்டுவரப் பார்க்கிறேன்.

அரிவாள்மனையைச் சொன்னால் இது விளங்கும். எங்கள் வீட்டில் இருப்பது பலகை வைத்த பழைய ரகம். நுனியில் தேங்காய்த் துருவிப் பூ. வாழைக்காயும் வாழைப்பூவும் நறுக்கி நறுக்கி அலகு முழுக்கக் கறை ஏறி மை மாதிரி ஆகிவிட்டது. வெட்டுகிற விளிம்பில் மட்டும் நூல் கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. சாணை பிடிக்கிறவர் வந்து போன ஒவ்வொரு முறையும் அலகு கொஞ்சம் கரைந்திருக்கிறது. கை அதிகம் புழங்கும் நடுப்பகுதியில்தான் அதிகக் கரைச்சல். அதனால் வளைவு உட்குழிந்து பிறை போல ஆகிவிட்டது. பலகையில் ஒரு பக்கம் மரம் சொரசொரப்பாக இருக்கும். அழுத்திப் பிடித்த பாதம் பட்ட இன்னொரு பக்கம் எண்ணெய் தேய்த்த மாதிரி வழவழப்பு.

இதைப் படமெடுப்பது குடத்தைப் படமெடுப்பதற்கு நேர் எதிரான வேலை. கறுப்பு இரும்பு வெளிச்சத்தை விழுங்கும், வெள்ளைக் கோடு வெளிச்சத்தைக் கக்கும். கோட்டுக்கு அளந்து எடுத்தால் அலகு கரிக்கட்டை. அலகுக்கு அளந்தால் கோடு வெந்துபோய்விடும். நான் அலகின் கறுப்பைக் கறுப்பாகவே விட்டுவிடுவேன். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு பழைய வெள்ளை வேட்டியை மடித்துத் தொங்கவிட்டால் அதன் சாயல் கோட்டில் மட்டும் வந்து விழும். பலகையின் வழவழப்புக்கு அந்தச் சாயலே போதும். ஐஎஸ்ஓ 100, எஃப் 11, இரண்டு வினாடி. அதற்கு மேல் துளையைச் சின்னதாக்கினால் ஆழம் கூடும், ஆனால் ஒளி விளிம்பில் சிதறி மொத்தப் படத்தின் கூர்மையும் மந்தமாகும். முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று தனித்தனியாக ஃபோகஸ் செய்து கம்ப்யூட்டரில் சேர்க்கலாம். நகைப் படத்துக்கு அப்படித்தான் செய்கிறேன். அரிவாள்மனைக்கு வேண்டாம், எங்கே கை வைத்தார்களோ அங்கே கூர்மை இருந்தால் போதும்.

வெளிச்சம் பற்றிப் பேசாமல் என் தொழிலைப் பேச முடியாது. புகைப்படப் புத்தகங்கள் எல்லாம் வடக்கு ஜன்னலைப் புகழும். நேர் வெயில் வராது, நாள் முழுக்க ஒரே சீரான ஒளி என்று சொல்லும். ஐரோப்பாவில் அது சரி. கும்பகோணம் ஏறக்குறைய 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரம் தாண்டியதும் உச்சி வேளைச் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. ஆனியில் வடகோடிக்குப் போய்த் திரும்பி, ஆவணி முதல் வாரத்தில்தான் மறுபடி தலைக்கு மேலே வந்து தெற்கே இறங்குகிறது. அந்த நாலு மாதமும் வடக்கு ஜன்னலில்தான் வெயில். காலையிலும் சாயங்காலமும் சாய்வாக உள்ளே பாயும். தெற்கு ஜன்னலில் அப்போது அமைதியான நிழல் ஒளி. கார்த்திகை, மார்கழியில் எல்லாம் தலைகீழ்: சூரியன் தெற்கே சாய்ந்து, தெற்கு ஜன்னலில் முழங்கால் உயரத்துக்கு வெயில் வந்து தரையில் நீளும். இந்த ஊரில் அசையாப் பொருள்களைப் படமெடுக்கிறவன் பஞ்சாங்கம் பார்த்து ஜன்னல் மாற்ற வேண்டும். என் அறையில் மேஜைக்குச் சக்கரம் வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

முற்றம் இன்னொரு பள்ளிக்கூடம். மேலே திறப்பு, நாலு பக்கமும் தாழ்வாரம். ஒளி மேலிருந்து மட்டும் இறங்கும். பாத்திரத்தின் வாயும் உட்புறமும் பளிச்சென்று இருக்க, பக்கங்கள் இருட்டும். எங்கள் தாழ்வாரத்தில் சிவப்பு ஆக்சைடு தரை. வெயில் தரையில் பட்டுத் திரும்பும்போது பித்தளைச் சொம்பின் அடிவயிற்றில் ஒரு செம்மை ஏறும். சாம்பல் அட்டை வைத்து நிறத்தைச் சரிசெய்தால் அந்தச் செம்மை போய்விடும். பாத்திரக் கடைக்காரருக்கு எடுக்கும்போது சரிசெய்து கொடுப்பேன், பித்தளை பித்தளை நிறத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் நியாயம். எனக்காக எடுக்கும்போது விட்டுவிடுவேன். சொம்பு எந்தத் தரையில் இருந்தது என்பதும் சொம்பைப் பற்றிய செய்திதான்.

சுற்றியிருப்பதே போதும் என்ற துணிச்சலை எனக்குக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிராக் நகரத்து யோசெஃப் சூடெக். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர், ஒற்றைக் கையோடு பெரிய கேமராக்களைத் தூக்கிச் சுமந்தவர். 1940 முதல் 1954 வரை தன் ஸ்டூடியோவின் ஜன்னலைத் தொடர்ந்து படமெடுத்தார். கண்ணாடியில் படிந்த பனி, ஈரம், வெளியே முறுக்கிய மரம், உள்ளே விளிம்பில் ஒரு தண்ணீர் டம்ளர், ஒரு ரொட்டித் துண்டு. ஊர் ஜெர்மானியர் கையில் இருந்த ஆண்டுகளும் அதற்குள் அடக்கம். இன்னொருவர் அமெரிக்காவின் எட்வர்ட் வெஸ்டன். 1930 ஆகஸ்டில் அவர் எடுத்த 30-ஆம் எண் குடைமிளகாய்ப் படம் உலகப் பிரசித்தம். அந்த மிளகாயை அவர் வைத்தது ஒரு தகரப் புனலுக்குள். புனலின் உட்சுவர் ஒளியை எல்லாப் பக்கமிருந்தும் மிளகாயின்மேல் திருப்பி அனுப்பியது. மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனல் நம் எல்லார் வீட்டிலும் இருந்தது. அதை விளக்காக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: வெஸ்டனின் மிளகாய் மிளகாயாக இல்லாமல் உடலாகத் தெரிகிறது, அதற்காகத்தான் எல்லாரும் அதைக் கொண்டாடுகிறார்கள். என் மனம் சூடெக் பக்கம்தான் சாய்கிறது. டம்ளர் டம்ளராகவே இருந்து, அதோடு கூட இன்னும் ஏதோ ஆகிவிட வேண்டும்.

கும்பகோணம் பக்கம் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் வைத்திருக்கும் வீடு அபூர்வம். பழைய பித்தளையில் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து. எவர்சில்வர் வந்தபிறகு கடையிலேயே மெஷினில் வெட்டிக் கொடுப்பார்கள். சீர்ச் சாமானில் பெண்ணின் பெயர், தகப்பனார் இனிஷியலோடு. மொய்யாக வந்த சாமானில் கொடுத்தவர் பெயர், தேதி. இந்தப் பெயர்களைத் தனி வரிசையாக நான் எடுத்து வருகிறேன். பட்டாவிலும் கரண்ட் கார்டிலும் வாசல் பலகையிலும் பெரும்பாலும் ஆண் பெயர்தான். அடுக்களைச் சொம்பின் கழுத்தில்தான் பெண் பெயர் இருக்கிறது. ஒரு வீட்டில் எத்தனை தலைமுறைப் பெண்கள் வந்தார்கள் என்று பரண் அடுக்கைப் பார்த்துச் சொல்லிவிடலாம். சில பெயர்கள் தேய்ந்து பாதிதான் மிஞ்சியிருக்கும். அவற்றை நான் கூடுதல் கவனத்தோடு எடுப்பேன்.

வெட்டிய எழுத்துக்கு ஒளி பக்கவாட்டிலிருந்து, பரப்பை உரசிக்கொண்டு வர வேண்டும். நேரே அடித்தால் எழுத்து மறைந்துவிடும். அதிலும் ஒரு சங்கடம்: ஒளியின் திசையிலேயே ஓடுகிற கோடுகள் நிழல் விழாமல் காணாமல்போகும், குறுக்கே ஓடுகிறவை மட்டும் எழும்பும். நம் எழுத்துகள் சுழிந்து வளைபவை. எந்தத் திசையில் அடித்தாலும் எழுத்தில் ஒரு பங்கு போய்விடும். இடது மேல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு ஒளி, எதிர்மூலையில் அதைவிட மங்கலாக ஒரு வெள்ளை அட்டை என்று வைத்தால் ஓரளவு முழு எழுத்தும் வரும். இந்த வேலை செய்யும்போதெல்லாம் லின்னேயஸ் ட்ரைப்பை நினைத்துக்கொள்வேன். மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த அவர் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கையில் இருந்தது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். கல்லுக்கு வெளிச்சம் அடிக்க வழியில்லை, வெயில் சுவரை உரசும் நேரத்தை நம்பித்தான் இருந்திருக்க வேண்டும். அந்தக் கல்லில் ராஜராஜன் கொடுத்த நகையும் பாத்திரமும் நிறை சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. என் சொம்புக் கழுத்திலும் கொடுத்தவர் பெயரும் தேதியும்தான் இருக்கின்றன.

வீட்டுக்கு வெளியே போனாலும் இதே கண்தான். கடைத்தெருவில் வெற்றிலைக் கடை ஒன்று எனக்கு மிகவும் பிடித்த இடம். கவுளிகளை ஈரச் சாக்கில் மூடி வைத்திருப்பார்கள். தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சாக்கின் இழைகள் கறுத்து, மடிப்பு விழுந்த இடங்களில் பச்சை ஏறியிருக்கும். சுண்ணாம்பு டப்பாவின் வாயில் விரலால் வழித்த தடம் அடுக்கடுக்காகக் காய்ந்து கிடக்கும். கேமரா இல்லாமல் முதலில் பல நேரங்களில் போய் நிற்பேன். எந்த மணிக்கு எதிர்க்கடைத் தகரக் கூரை வெயிலை இந்தப் பக்கம் திருப்புகிறது என்று பார்த்துக்கொள்வேன். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் எடுப்பேன்.

“எலயப் புடிக்காம சாக்கப் புடிக்கிறீங்களே தம்பி?”

“எல நாளைக்கு மாறிடும்ணே. சாக்கு உங்ககூடவே இருக்கும்ல.”

“அது எங்கப்பா காலத்துச் சாக்கு இல்ல. ஆனா அவரு மடிச்ச மாதிரியேதான் நானும் மடிக்கிறேன்.”

அதற்குப் பிறகு மடிப்பு தெளிவாகத் தெரியும்படி கோணத்தை மாற்றினேன். பொருளை நகர்த்தாமல், நான் நகர்ந்து எடுப்பதே வெளியிடங்களில் என் வழக்கம். அங்கே ஒரு சாமான் இருக்கும் இடம் புழக்கத்தால் தீர்மானமானது. அதை அழகுக்காக இரண்டு அங்குலம் தள்ளினால் அந்தத் தீர்மானம் கலைந்துவிடும்.

இப்போது சாப்பாட்டுப் படங்களுக்கென்று ‘பழசாக்கிய’ பலகைகள் விற்கிறார்கள். சாயம் அடித்து, உப்புத்தாள் போட்டுச் சுரண்டிய பலகைகள். இவற்றை நான் வாங்குவதில்லை, ஆர்டர் கொடுப்பவர் கேட்டாலும் வேறு வழி சொல்லிப் பார்ப்பேன். நிஜத் தேய்மானத்துக்குக் காரணம் உண்டு. கை பட்ட இடம் தேயும், படாத இடம் தேயாது. சுரண்டிய பலகையில் எல்லா மூலையும் ஒரே அளவில் தேய்ந்திருக்கும். அப்படி எந்தக் குடும்பமும் எந்தப் பலகையையும் உபயோகித்ததில்லை. பார்க்கிறவருக்கு இது வார்த்தையில் தெரியாமல் இருக்கலாம், கண்ணுக்குத் தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போவேன். எனாமல் தூக்குகளும் பீங்கான் ஜாடிகளும் கூரை வரை அடுக்கியிருக்கும். எனாமல் உதிர்ந்த இடத்தில் இரும்பு துருவாகப் பூத்திருக்கும், அந்த நீலமும் துருவும் சேர்ந்த அழகுக்கு ஈடில்லை. ஆனாலும் அங்கே வாங்கியதை எடுப்பதைவிட, ஒரு வீட்டில் அது இருந்த மாடத்திலேயே எடுக்கத்தான் எனக்கு விருப்பம். கடைக்கு வந்துவிட்ட ஜாடிக்குத் தேய்மானம் இருக்கிறது. யாருடையது என்று கேட்க ஆள் இல்லை.

ஸ்டூடியோவுக்குக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளிடம் முதல் பாடமாக, வீட்டில் தினமும் புழங்கும் ஒரு பொருளைக் கழுவாமல் துடைக்காமல் கொண்டுவரச் சொல்வேன். முன்பெல்லாம் செம்பும் பித்தளையும் வந்தன. இப்போது வேறு சாமான்கள் வருகின்றன, வரவேண்டியதுதான். ஒரு பெண் மிக்ஸி ஜாரைக் கொண்டுவந்தாள். “இது வெறும் பிளாஸ்டிக் சார், இதுல என்ன இருக்கு?” என்றாள். மூடியின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினேன். மஞ்சளும் மிளகாயும் ஊறி ஊறி அந்த வெள்ளை மூடி வெளிறிய மஞ்சளாகியிருந்தது. பிடித்துத் திருகும் இரண்டு இடங்களில் மட்டும் மினுமினுப்பு. அவள் அம்மா இடக்கைக்காரர் என்று அந்த மினுமினுப்பு இருந்த இடத்தைப் பார்த்து அவளே சொன்னாள்.

அதிலிருந்து நான் பித்தளையை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டேன். எண்கள் அழிந்த டிவி ரிமோட், அதன்மேல் சுற்றிய பாலித்தீன் உறை. ஸ்விட்ச் போர்டில் ஃபேன் ஸ்விட்சைச் சுற்றி மட்டும் படிந்த விரல் அழுக்கு. கேஸ் லைட்டரின் பிடி. பால் பாக்கெட் வைக்கும் டப்பா. பிளாஸ்டிக் தேய்வது உலோகம் தேய்வதைப் போல இல்லை. உலோகம் தேயத் தேய ஒளியைச் சிதறடித்து மென்மையாகும். சொரசொரப்பாக வார்த்த பிளாஸ்டிக் விரல் பட்டுப் பட்டு வழுவழுப்பாகி, ஒளியைத் திருப்பி அனுப்ப ஆரம்பிக்கும். வெளிச்சத்தை மொத்தமாக வேறு விதமாக வைக்க வேண்டியிருக்கிறது. ஸ்விட்ச் போர்டு வரிசைக்கு இப்போது சமையலறை வாசலிலிருந்து வரும் ஒளியை மட்டும் வைத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். சுவருக்குப் பக்கவாட்டில் அது உரசிப் போகும்போது விரல் பட்ட ஸ்விட்சுகள் தனியாக மின்னுகின்றன, யாரும் தொடாத ஸ்விட்ச் மங்கலாகவே நிற்கிறது. வீடு வீடாகக் கேட்டுப் போக வேண்டியிருக்கும். தெருவில் மூன்று வீட்டார் சரி என்று சொல்லியிருக்கிறார்கள், துடைத்துவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.